களிமண்ணில் எதை வைப்பது?

"இந்தக் களிமண்ணுல ஆண்டவனே வந்து நின்னாலும் வேர் பிடிக்காது, தாயே."

ஆசிரமத்தில் இப்படிச் சொன்னவர் திருமேனி. வயது அறுபத்திரண்டு. பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓயவில்லை.

அவருடைய குரு வடிவம்மைக்கு நாற்பதுதான். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னென்ன வச்சீங்க?"

"முதல்ல ரோஜா. அப்புறம் குட்டைச் செவ்வந்தி. போன மாசம் பெங்களூர்ப் புல்லு. எல்லாம் செத்துப்போச்சு."

"பாவம்."

"யாரு, நானா?"

"செடி."

தியான மண்டபத்தின் வாசலில், நாள் முழுக்க வெயிலில் கிடந்தது அந்தப் பாத்தி. உயரமாக எதுவும் வைக்க முடியாது, ஜன்னல் மறைந்துவிடும். வெறுமனே விட்டால் ஐப்பசி மழையில் சேறு உள்ளே தெறிக்கும். சிமென்ட் போட்டு மூடிவிட நிர்வாகிகள் முடிவு செய்துவிட்டார்கள். கொத்தனார் மாசானம் மூட்டையோடு வந்து, படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தாயிற்று.

"மூட விடமாட்டேன்," என்றார் திருமேனி. "இன்னொரு தடவை வைக்கிறேன். எதை வைக்கட்டும்?"

"எப்படி வச்சீங்க?"

"ஒன்றரை அடி தோண்டி, களிமண்ணை வெளியே கொட்டிட்டு, மணலும் செம்மண்ணும் நிரப்பினேன். தினமும் எட்டுக் குடம் தண்ணி. யாரும் குறை சொல்ல முடியாது."

"போய்த் தோண்டிப் பாருங்க."

தோண்டினார். மேலே புழுதி. ஒரு சாணுக்குக் கீழே தண்ணீர் தேங்கி நாறியது. சுற்றிலும் களிமண் சுவர். ஒரு சொட்டு வெளியேற வழியில்லை.

திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"தொட்டி கட்டியிருக்கேன், தாயே. மூணு தடவையும் முக்கியே கொன்னிருக்கேன்."

"சரி. களிமண்ணைத் திரும்பப் போடுங்க. எங்க கொட்டினீங்க?"

"தொழுவத்துக்குப் பின்னால. ஆனா, கொத்தனார் வந்து உட்கார்ந்திருக்கார். மண் அள்ளுற நேரமா இது?"

"நின்னு பேசுற நேரமும் இல்ல."

மண்வெட்டியோடு போனார்.

ஆறு மாதமாக யாரும் எட்டிப் பார்க்காத குவியல். மேலே ஒரு நிழல் கிடையாது. அதன்மேல் பாய் விரித்தமாதிரி பொடுதலைக் கொடி படர்ந்திருந்தது. விரல் உயரம். பொடிப்பொடியாகப் பூ. ஒரு கொடியை இழுத்தார். கணுவுக்குக் கணு வேர் விட்டு மண்ணைக் கவ்வியிருந்தது. இலைதான் கையோடு வந்தது.

பாத்திக்குத் திரும்பி, நிரப்பியிருந்த செம்மண்ணை வாரி வெளியே கொட்டினார். களிமண்ணைச் சுமந்தார். கொடியை மண்ணோடு வில்லை வில்லையாக வெட்டி, பாத்தி முழுக்கப் பதித்து மிதித்தார். முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

மாசானத்துக்குச் சிரிப்பு வந்தது. "வரப்புல கிடக்கிற களை சாமி இது. ஒரு மழைக்குத் தாங்குமா?"

"ஊத்திப் பாரு."

மாசானம் ஒரு வாளித் தண்ணீரை ஓங்கி அடித்தார். கலங்காமல் படியிறங்கி ஓடியது. இன்னொரு வாளி. அதுவும்.

கொத்தனார் மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

"இவ்வளவு நாளா இது எங்க சாமி இருந்துச்சு?"

"நான் இல்லாத இடத்துல," என்றார் திருமேனி.