போய்த் தொலையச் சொன்னான்

"சாமி, இந்த மடத்துல ஒண்ணு அந்த மாசிலாமணி இருக்கணும், இல்லே நான் இருக்கணும்!"

பொன்னம்பல வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டார். காலமெல்லாம் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்று, ஞானம் தேடி மடத்துக்கு வந்த மனுஷன்.

சாமி அவரைவிட வயதில் இளையவர். முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன சொன்னான்?"

"நேத்துக் கிணத்தடியில, எல்லாரும் பார்க்க, என்னை மூதேவின்னான். போய்த் தொலையச் சொன்னான். கையில இருந்த வாளியைப் பிடுங்கினான்!"

வயசான மனுஷனை, அதுவும் வாத்தியாரை! யாருக்குத்தான் பொறுக்கும்? மாசிலாமணி முன்னாள் லாரி டிரைவர். சீடனாகியும் வாய் மட்டும் திருந்தவில்லை.

மடத்தில் ஒரு கட்டு உண்டு. கூட இருக்கிற சீடனை வைததாகப் புகார் வந்தால், வைதவன் அன்று சாயங்கால மணிக்குள் வெளியேற வேண்டும். எதிர்த் திண்ணையில் மாசிலாமணி அப்போதே மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"பாருங்க, இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்றானா? திமிர்!"

"வாத்தியாரே, நீர் சொன்னது இன்டைரக்ட் ஸ்பீச். டைரக்ட்ல சொல்லும்."

"வயிறு எரியுது, விளையாடறீங்களே சாமி! ஆயிரம் பிள்ளைகளுக்கு மாத்திப் போடச் சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்கா பிசகும்?"

"அப்போ திருப்பிப் போடும். நீர் மாசிலாமணி, நான் பொன்னம்பலம். இந்த முறம்தான் வாளி. அவன் எப்படி நின்னான், கை எங்கே இருந்துச்சு, எல்லாம் அப்படியே வரணும்."

கோபம் குறையாமலே வாத்தியார் கிட்டே போனார். முறத்தை வெடுக்கென்று பிடுங்கினார். கண்ணை உருட்டினார். இன்னொரு கை தானாக எழும்பி, புறங்கையாகச் சாமியின் நெற்றியில் பதிந்தது.

"மூதேவி! போய்ப் படுத்துத் தொலை! நான் எறச்சுக்கிறேன்!"

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். கையை எடுக்கத் தோன்றவில்லை.

"எனக்குக் காய்ச்சல் இல்லையே, வாத்தியாரே," என்றார் சாமி. "நேத்து உமக்கு இருந்துச்சோ?"

வெளியே படல் திறக்கும் சத்தம் கேட்டது.

வாத்தியார் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினார். கீரை தரையெல்லாம் சிதறியது.

"அட மூதேவி! மூட்டையைக் கீழே வெச்சுத் தொலைய்யா!"