உள்ளே படுத்திருந்த மாடு

கண்ணுங்களா, கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. ரொம்ப ரொம்ப முந்தி, மேழிநாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்கு உழவு மாடுகள் என்றால் உயிர்.

அங்கே ஒரு வழக்கம். உழவு மாடெல்லாம் அரண்மனைச் சொத்து, குடியானவர்களுக்கு இரவல். மாடு ஒரு தும்மல் போட்டாலும் அரண்மனை மாட்டு வைத்தியர் மருதையன் ஓடி வருவார். மருந்துச் செலவு ராஜாவுடையது.

ஒரு வருஷம் விளைச்சல் குறைந்தது. ராஜா மாடு வாங்கிக் கொடுத்தார். மறுவருஷமும் குறைந்தது. இன்னும் மாடு வாங்கிக் கொடுத்தார். அதற்கடுத்த வருஷமும் குறைந்தது. அசலூரிலிருந்து கொழுத்த மாடாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். அப்படியும் நெல் ஏறவில்லை. ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மழைக்கு முன்னால் உழாத வயலை அரண்மனை எடுத்துக்கொள்ளும்" என்று தண்டோரா போட்டார்.

அந்தச் சமயம் பார்த்து, செவந்தி என்கிற பெண்ணின் புருஷன் காத்தான் குளிர்காய்ச்சலில் விழுந்தான். இடுப்பில் கைக்குழந்தை. இருப்பது ஒரே வயல். மழையோ கருத்துக்கொண்டு நிற்கிறது. மனுஷருக்கு வைத்தியம் பார்க்க அந்தப் பக்கம் ஆளே கிடையாது. புருஷனும் போய், வயலும் போனால் அவள் என்ன செய்வாள்?

யோசித்து யோசித்து, அரண்மனைக்குச் சொல்லியனுப்பினாள்: "எங்க வீட்டு மாடு காய்ச்சல்ல கிடக்குது."

மருதையன் மூச்சிரைக்க வந்தார். "மாடு எங்கம்மா?"

"உள்ள படுத்திருக்குங்க."

உள்ளே போய்ப் பார்த்தார். "அடிப்பாவி, இது காத்தான்ல!"

"ஏர ரெண்டு மாடு முன்னால இழுக்குது, இவர் பின்னால நின்னு அழுத்துறார். இவரையும் ஒரு மாடுன்னு நெனச்சுப் பாருங்க சாமி" என்று அழுதாள்.

மருதையனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நிலவேம்பைக் காய்ச்சி இறக்கினார். "மாடுன்னா மூங்கில் குழாய வாயில வச்சு ஊத்துவேன்..."

"குழாய் வேணாங்க, நானே குடிச்சிடுறேன்" என்று முனகினான் காத்தான்.

முதல் நாள் நடுக்கம் நின்றது. மறுநாள் கஞ்சி கேட்டான். அதற்கு மறுநாள் மெதுவாக எழுந்து ஏர் பூட்டப் போனான்.

மாட்டு மருந்தை மனுஷன் குடித்த சேதி மந்திரி காதுக்குப் போனது. செவந்தியைச் சபைக்குக் கூட்டிப் போனார்கள்.

"பொய் சொன்னாயா?" என்றார் ராஜா.

"சொன்னேனுங்க, தப்புதான். மாட்டுக்கு நோவுன்னா ஆள் வருது. மனுஷனுக்கு நோவுன்னா நான் யார் வாசல்ல போய் நிப்பேன்?"

மந்திரி குறுக்கே வந்தார். "ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தால் கஜானாவில் என்ன மிஞ்சும்?"

"எங்க தெருவுக்கு ஒரு நடை வந்து பாருங்க ராஜா" என்றாள் செவந்தி.

ராஜா போனார். ஒவ்வொரு கொட்டிலிலும் மாடுகள் கொழுகொழுவென்று அசைபோட்டன. ஒவ்வொரு வீட்டிலும் உழுகிறவன் போர்வைக்குள் நடுங்கினான், நாற்று நடுகிறவள் சுருண்டு கிடந்தாள். ராஜா அரண்மனைக்குத் திரும்பினார்.

தண்டோராவை ரத்து செய்தார். அந்த வருஷம் ஒரு மாடுகூட வாங்கவில்லை. அந்தப் பணத்தில் ஊருக்கு ஊர் வைத்தியரை வைத்தார். மந்திரி தலையிலடித்துக்கொண்டார்.

மெல்ல மெல்ல ஆட்கள் எழுந்தார்கள். வயல் பச்சையானது, தறி ஓடியது, சந்தை கூடியது. கஜானாவில் இடமில்லை என்று அதே மந்திரி வந்து சொன்னார்!

அறுப்பு முடிந்ததும் செவந்தி புது நெல்லை முறத்தில் ஏந்தி மருதையனிடம் போனாள். "உங்களாலதான் எம் புள்ளைக்கு அப்பன் இருக்கார்" என்று கும்பிட்டாள். "மருந்து ராஜாவோடது, அவருக்குச் சொல்லும்மா" என்றார் அவர். அரண்மனைக்குப் போய்க் கும்பிட்டாள்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தார். "நாடே உனக்குக் கும்பிடு போடணும் தாயே" என்று அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

குடிகளின் உடம்பைக் காக்கச் செலவு செய்கிற நாடுதான் செழிக்கும், கண்ணுங்களா.