நீர்மருதில் மூன்று பாறுகள்

மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் பொன்னம்பலம் என்றொரு சீடர் இருந்தார். ஓய்வு பெற்ற தாசில்தார். ஆசிரமத்தின் குருவான குருவம்மாவைவிட இருபது வயது மூத்தவர். காவி கட்டிய பிறகும் மனு எழுதும் பழக்கம் அவரை விடவில்லை. கோபமும் மூக்கு நுனியிலேயே குடியிருந்தது.

ஆற்றங்கரை நீர்மருது மரத்தில் பாறுக் கழுகுகள் ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தன. வருஷத்துக்கு ஒரே முட்டை, கூட்டில் ஒரே குஞ்சு. அந்தக் கரையில் மிச்சமிருந்த பாறுகள் அவ்வளவுதான். பொன்னம்பலம் தினமும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார்.

ஒரு நாள் காலை ஒரு பாறு மரத்தடியில் செத்துக் கிடந்தது. அதன் ஜோடி கிளையில் கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. பொன்னம்பலம் வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் காகிதம் எடுத்தார்.

“கொன்ன பாவி யாருன்னு தெரியணும், அம்மா. அவனைக் கம்பி எண்ண வைக்காம விடமாட்டேன்.”

குருவம்மா செத்த பறவையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கடைசியா இது எதைத் தின்னுச்சு, ஐயா?”

“நம்ம சிவப்பியைத்தான்.”

செத்த மாட்டைப் புதைக்காமல் பாறைமேட்டில் பாறுகளுக்கு விடுவது ஆசிரமத்து வழக்கம். பசு சிவப்பியை ஆள் வைத்து இழுத்துப்போய்ப் போட்டவர் பொன்னம்பலம்.

“அதுல எவனோ விஷம் வச்சிருக்கான்,” என்றார்.

“சிவப்பி சாகும்போது யாரு கூட இருந்தாங்க?”

“நான்தான், மூணு நாளா. மூட்டு வீங்கி அது கத்துன கத்தலைக் காது கொடுத்துக் கேட்க முடியலை.”

“அப்புறம் அடங்கிடுச்சே.”

“வலிக்கு ஊசி போட்டேன்.”

“மாட்டு டாக்டர் கொடுத்ததா?”

பொன்னம்பலம் காகிதத்தை மடித்தார்.

“அவரு கொடுத்தது சட்டுன்னு கேட்கலை. மருந்துக்கடையில மனுஷனுக்குப் போடுறதை வாங்கிப் போட்டேன்.”

“கடைக்காரர் ஒண்ணும் சொல்லலையா?”

“மாட்டுக்குப் போடத் தடைன்னாரு. ஒரே ஒரு மாடுதானேன்னு... எதுக்குத் தடைன்னு நான் கேட்கலை.”

“பாறுக்காகத்தான், ஐயா. அந்த மருந்து ஊறின கறியைத் தின்னா அதுக்குச் சிறுநீரகம் போயிடும்.”

பொன்னம்பலம் குருவம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்களும் பார்த்தீங்களே, அம்மா. பாவம், நிம்மதியா தூங்குதுன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன். என்ன ஊசின்னு நானும் கேட்கலை.”

கிளையில் இருந்த பாறு சரிந்து கீழே விழுந்தது. இரண்டு முறை சிறகை அடித்தது, பிறகு அசையவில்லை. மேலே கூட்டிலிருந்து குஞ்சு தலையை நீட்டி இரைக்குக் கத்தியது.

“பாசத்துலதானே செஞ்சேன்,” என்றார் பொன்னம்பலம்.

“இந்தக் கரையில அறுபது பாறு இருந்ததை நான் பார்த்திருக்கேன், ஐயா. அதுங்க மேல பகை வச்சவன் ஒருத்தனைக்கூட நான் பார்த்ததில்லை.”