குன்றன் மேல் யார் ஏறுவது?

வேங்கைநாட்டில் யாராவது நோயில் படுத்தால், சோற்றுக்கும் மருந்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. அறுவடை நாளில் வீட்டுக்கு வீடு ஒரு மரக்கால் நெல்லைக் காப்புக் களஞ்சியத்தில் கொட்டுவார்கள். பிறகு அந்த வீட்டில் யாருக்கு நோய் வந்தாலும், குணமாகும்வரை வைத்தியசாலைக்கு அரிசியும் எண்ணெயும் களஞ்சியத்திலிருந்து போகும். நல்ல ஏற்பாடு. அதில் இருந்த ஒரே சிக்கல் களஞ்சிய அதிகாரி நீலமேகனார்.

கால் முறிந்து கட்டோடு வந்தால் நீலமேகனார் உடனே அரிசி அளப்பார். கட்டுதான் கண்ணுக்குத் தெரிகிறதே. மனநோய், குடிநோய் என்று யாராவது வந்தால் மட்டும் அவருடைய புருவம் மேலே ஏறிவிடும்.

தச்சன் நல்லணனுக்குக் குடிநோய். அவன் மனைவி செம்பாயி அவனை வைத்தியர் மருதவாணரிடம் கொண்டு சேர்த்தாள். முதலில் கை நடுங்கியது. சுவரில் பாம்பு ஊர்வதாக அலறினான். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. பசியும் வந்தது. ஒருநாள் நல்லணன் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது நீலமேகனார் உள்ளே நுழைந்தார்.

“ஆள் நன்றாகத்தானே இருக்கிறான். நாளையோடு அரிசி நிற்கும். வீட்டுக்கு அனுப்பும்” என்றார்.

“ஐயா, நடுக்கம்தான் நின்றிருக்கிறது. ஆசை இன்னும் நிற்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியிலேயே கள்ளுக்கடை இருக்கிறது” என்றார் மருதவாணர்.

“இப்போது குடிக்கிறானா?”

“இல்லை.”

“குடிக்கவில்லை என்றால் நோய் இல்லை. நோய் இல்லை என்றால் அரிசி இல்லை.”

“வெளியே போய் மறுபடி குடித்தால்?”

“உம்முடைய வைத்தியம் பலிக்கவில்லை என்று அர்த்தம். பலிக்காத வைத்தியத்துக்கும் அரிசி இல்லை.”

இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்ட செம்பாயி நேராக அரசவை மதியூகி சாத்தப்பரிடம் ஓடி நடந்ததைச் சொன்னாள்.

“போன தடவையும் இப்படித்தான் பாதியில் கூட்டிக்கொண்டு வந்தேன் ஐயா. அன்று சாயங்காலமே உளியை விற்றுக் குடித்தார். இன்னொரு தடவை விழுந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்கிறார் வைத்தியர்.”

சாத்தப்பர் முகவாயைத் தடவினார். “நாளைக்குக் காப்பு விழா. நீலமேகனார் புது நெல்லோடு யானை மேல் வருவாரே, எந்த யானை?”

“யானையா? நான் என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிறேன் ஐயா.”

“நானும் அவரைப் பற்றித்தான் பேசுகிறேன் அம்மா.”

அன்று மாலை அரசர் வேள்குமரன் விழா ஏற்பாடுகளைப் பார்க்க யானைக் கொட்டாரத்துக்கு வந்தார். நீலமேகனார் கூடவே இருந்தார். சாத்தப்பரும் வந்து சேர்ந்துகொண்டார்.

“கிழட்டு யானை மேலா ஏறப்போகிறீர்?” என்று அரசர் கேட்டார்.

“பட்டத்து யானை குன்றனுக்கு மதம் பிடித்திருக்கிறதே அரசே” என்றார் நீலமேகனார்.

“பிடித்திருந்தது” என்றார் சாத்தப்பர். “இப்போது பாருங்கள். மதநீர் வழியவில்லை. பிளிறவில்லை. பாகன் கையிலிருந்து கரும்பு வாங்கித் தின்கிறான். ஆள் நன்றாகத்தானே இருக்கிறான்?”

பாகன் காளத்தி பதறினான். “ஐயா, இன்னும் கொஞ்ச நாள்...”

“நீ சும்மா இரு காளத்தி. நீ வெறும் பாகன். அதிகாரி பார்த்துச் சொல்லட்டும். நோய் தீர்ந்ததா இல்லையா என்று ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். நீலமேகனாரே, இவன் இப்போது யாரையாவது மிதிக்கிறானா?”

“இல்லை” என்றார் நீலமேகனார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“மிதிக்கவில்லை என்றால் மதம் இல்லை. சங்கிலியை அவிழ்த்துவிடலாம். யாரங்கே, ஏணி கொண்டுவாருங்கள். அதிகாரி இப்போதே ஏறிப் பார்க்கட்டும்.”

ஏணி வந்தது. குன்றன் ஒரு காதை மெதுவாக அசைத்தான். நீலமேகனார் ஏணிக்கும் அரசருக்கும் நடுவே ஒதுங்கினார்.

“இருங்கள், இருங்கள். கரும்பு தின்றால் மதம் போய்விட்டது என்று ஆகுமா? வெளியே அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தெருவில் மேளச்சத்தம் கேட்டால் என்ன செய்வானோ.”

“என்ன செய்வான்?”

“என்னைத் தூக்கி எறிவான் ஐயா.”

“எறிந்தால் பாகனுடைய வளர்ப்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். நீங்களும் கவலைப்பட வேண்டாம். கால் முறிந்தால் களஞ்சியத்தில் உடனே அரிசி கிடைக்கும். கட்டு கண்ணுக்குத் தெரியுமே.”

“விளையாடாதீர். உள்ளே மதம் இருக்கிறதா, போய்விட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்?”

“வேறு யாருக்குத் தெரியும்?”

“பாகனுக்குத்தான் தெரியும். இரவும் பகலும் கூட இருப்பவன் அவன்தானே. அவனைக் கேளுங்கள்.”

சாத்தப்பர் அரசர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். “அரசே, வைத்தியர் மருதவாணரும் இதைத்தான் சொன்னார். இவ்வளவு தெளிவாகச் சொல்ல அவருக்கு வரவில்லை. குன்றனுக்கு மேளச்சத்தம். தச்சன் நல்லணனுக்கு வழியில் இருக்கிற கள்ளுக்கடை.”

பிறகு வைத்தியசாலையில் நடந்ததை எல்லாம் விளக்கினார். கேட்கக் கேட்க அரசருக்குச் சிரிப்பு வந்தது. நீலமேகனார் தலைகுனிந்து நின்றார்.

“இனி நோயாளியை எப்போது அனுப்புவது என்பதை வைத்தியரே சொல்வார்” என்றார் அரசர்.

“களஞ்சியத்தைக் காப்பது என் கடமை அரசே. எனக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்ய?” என்று மெல்லக் கேட்டார் நீலமேகனார்.

“தாராளமாகச் சந்தேகப்படும். வைத்தியரைக் கேட்காமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்பத் தோன்றும் நாளில், பாகனைக் கேட்காமல் ஒரு மதயானை மேல் ஏறி ஊரைச் சுற்றிவிட்டு வாரும். பிறகு அனுப்பலாம்.”

அன்று விளக்கு வைக்கும் முன்பே வைத்தியசாலைக்கு அரிசி மூட்டை போய்விட்டது. நீலமேகனாரே வண்டியோடு நடந்து போனார் என்று சொல்கிறார்கள். நல்லணன் மருதவாணர் போகச் சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் போனான். அதுவும் கள்ளுக்கடை இல்லாத சுற்றுவழியில், செம்பாயியோடு.

அன்று மாலை கொட்டாரத்தை விட்டுக் கிளம்பும்போது அரசர் சாத்தப்பரின் தோளில் தட்டினார்.

“அடுத்தவரை யானை மேல் ஏற்றுவதில் உமக்கு எவ்வளவு ஆசை. உமக்கும் பரிசு தர வேண்டாமா? நாளை விழாவில் குன்றன் மேல் நீரே ஏறி வாரும்.”

சாத்தப்பர் குன்றனைப் பார்த்தார். குன்றன் சாத்தப்பரைப் பார்த்தான். சாத்தப்பர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“பாகனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் அரசே.”