சுவருக்குப் பின்னால் படித்தவன்

மூங்கில் காட்டுச் சரிவில் ஒரு முள்ளம்பன்றி வளை இருந்தது. அதில் முள்ளி என்ற தாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தாள். மூத்தவன் கருக்கு. இளையவள் சுணை.

மற்ற விலங்குகளின் குட்டிகள் ஓடைக்கரைப் பள்ளிக்குப் போயின. முள்ளியின் வளையிலிருந்து அது வெகுதூரம். அதனால் வீட்டிலேயே அவள் பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

வளைக்குள் பகலிலும் கும்மிருட்டு. எந்தப் பாதை வெளியே போகும், எது பாதியில் அடைபட்டு நிற்கும், எதிரி வந்தால் எப்படித் திரும்பி நின்று முட்களைச் சிலிர்க்க வேண்டும் என்பதுதான் பாடம்.

கருக்குக்குப் பாடம் என்றாலே கொட்டாவி வரும். "வீட்டில்தானே இருக்கிறோம்! அம்மாதானே வாத்தியார்! நாளைக்குப் படித்தால் போச்சு!" என்பான். கிழங்குத் தோலை உருட்டி விளையாடுவான்.

ஒரு மழைநாள் காலையில் முள்ளி கேட்டாள். "கருக்கு! இரண்டாவது வளைவில் எந்தப் பக்கம் திரும்பினால் வெளியே போகலாம்?"

கருக்கு மெல்லச் சுவரில் சாய்ந்தான். அவன் சாய்ந்திருந்த மண்சுவரில் மெல்லிய விரிசல் ஒன்று இருந்தது. அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. காற்றோடு, அவன் காதுக்கு மட்டும் எட்டும் ஒரு குரலும் வந்தது.

"வலது..."

"வலது!" என்றான் கருக்கு.

"அடடே, என் தங்கமே!" முள்ளி பெரிய கிழங்குத் துண்டை அவனுக்குக் கொடுத்தாள்.

அவள் கிழங்கு தோண்டப் போனதும் கருக்கு விரிசலில் வாயை வைத்தான். "யார் நீங்கள்?"

"நானும் உன் அம்மாவிடம் பாடம் கேட்பவன்தான். எனக்கு வேறு வேலை இல்லை. கண்ணை மூடவும் தெரியாது."

"அப்படியானால் நீங்களே எனக்கும் சேர்த்துப் படியுங்கள்! அம்மா கேட்டால் விடை சொல்லிவிடுங்கள்!"

"சொல்கிறேன். நீ விளையாடு."

அன்றிலிருந்து எல்லாக் கேள்விக்கும் கருக்கு டக்கென்று விடை சொன்னான். சுணைதான் திணறினாள். தப்பாகச் சொன்னால் முள்ளி அவளைப் பாதை முழுக்க நடக்கவைப்பாள். சுணை இருட்டில் மூக்கை இடித்துக்கொண்டு போவாள், வருவாள். மறுபடியும் போவாள். திரும்பு, சிலிர், பின்னோக்கி நட என்று முணுமுணுத்தபடியே தூங்கிப்போவாள்.

சில நாள் கழித்து அந்தக் குரல் கேட்டது. "அம்மாவிடம் ஒன்று கேள். வெளியே போனால் அவள் எப்போது திரும்புவாள்?"

கருக்கு கேட்டான். முள்ளி சொன்னாள்.

"இன்னொன்று கேள். உங்கள் முட்கள் எப்போது கெட்டியாகும்?"

அதையும் கேட்டான். "இன்னும் ஒரு மாதம் ஆகும். பிள்ளைக்குப் படிப்பில் எவ்வளவு அக்கறை!" என்று முள்ளி பூரித்துப்போனாள்.

ஒரு புல் நுழையும் அளவில் இருந்த விரிசல், இப்போது நெல்லிக்காய் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஒருநாள் சுணை அந்தக் குரலைக் கேட்டுவிட்டாள். "அண்ணா, அது யார்? அது மூச்சு விடுகிற சத்தமே கேட்கவில்லையே!"

"என் சிநேகிதன்! அம்மாவிடம் சொன்னால் உன்னோடு பேசவே மாட்டேன்!"

சுணை வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் முள்ளி வெளியே போனதும் சுவர் சலசலத்தது. மண் உதிர்ந்தது. ஓட்டை வழியாக ஒரு தலை உள்ளே நீண்டது. தலைக்குப் பின்னால் உடம்பு வந்தது. வந்துகொண்டே இருந்தது. மலைப்பாம்பு!

"பாடம் முடிந்தது, குட்டிகளே. எனக்கு எல்லாம் மனப்பாடம்."

இருவரும் ஓடி இரண்டாவது வளைவுக்கு வந்தார்கள். பின்னால் குரல் நிதானமாக வந்தது. அது அவசரப்படவே இல்லை.

"இடது பக்கம், கருக்கு! அதுதான் வெளியே போகும் வழி!"

"இல்லை, வலது!" என்று சுணை அலறினாள்.

"அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும்!" கருக்கு இடது பக்கம் பாய்ந்தான். தன் வாயாலேயே முன்பு 'வலது' என்று சொன்னது அவனுக்கு நினைவில்லை. நான்கு எட்டில் மூக்கு மண்ணில் மோதியது. அந்தப் பாதை அங்கேயே முடிந்துவிட்டது. பின்னங்கால்களை ஏதோ குளிர்ச்சியாகச் சுற்றியது.

"சுணை!"

சுணையின் முன்னால் வெளிச்சம் தெரிந்தது. ஒரே ஓட்டத்தில் வெளியே போய்விடலாம். அவள் நின்று, அண்ணனின் குரல் வந்த பக்கம் பார்த்தாள். பாம்புக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். முட்களைச் சிலிர்த்தாள். வால் கலகலக்க, இருட்டுக்குள் பின்னோக்கி நடந்தாள்.

"தப்பு, குட்டி," என்றது குரல் பரிவோடு. "முதலில் முட்களை மடக்க வேண்டும். பிறகு முகத்தைக் காட்ட வேண்டும். அதுதானே பாடம்?"

சுணை இன்னும் ஓரடி பின்னோக்கி வைத்தாள். "இல்லை! நூறு தடவை நடந்த பாடம் எனக்குத் தெரியாதா?"

அவள் முட்கள் இன்னும் முழுதாகக் கெட்டிப்படவில்லை. இருந்தாலும் இரண்டு முட்கள் பாம்பின் உடம்பில் ஆழமாக இறங்கின. பாம்பு சீறித் துள்ளியது. பிடி தளர்ந்தது. கருக்கு பிடியிலிருந்து உருவிக்கொண்டான். தங்கையின் காலடிச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினான். இருவரும் மழையில் போய் விழுந்தார்கள்.

நடந்ததைக் கேட்ட முள்ளி அன்றே அந்த வளையைக் கைவிட்டாள். பாறைக்கு அடியில் புது வளை தோண்டினாள். புதுப் பாதைகளில் குட்டிகளை ஒருமுறை நடத்திக் காட்டிவிட்டுக் கேட்டாள். "கருக்கு, முதல் வளைவில் எந்தப் பக்கம்?"

கருக்கு பழக்கத்தில் சுவரில் காதை வைத்தான். எங்கிருந்தும் எந்தக் குரலும் வரவில்லை.

"தெரியவில்லை, அம்மா," என்றான் தலை குனிந்து. "என்னையும் நடந்து பார்க்க விடு."

மனம் ஊன்றி நாமே கற்ற பாடம்தான் ஆபத்தில் துணைக்கு வரும். இரவல் வாங்கிய விடை நம்மை நட்டாற்றில் விட்டுவிடும்.