தூக்கிப் போடும் வண்டி

கல்வராயன் மலையடிவாரத்தில் வேதவல்லி அம்மாவின் குடில் இருந்தது. அங்கே வருகிறவர்கள் பிறவியைப் பற்றிக் கேட்பார்கள், கடவுளைப் பற்றிக் கேட்பார்கள். தீர்த்தகிரி தன் பிக்கப் வண்டியின் ஸ்பிரிங் பட்டையைப் பற்றிக் கேட்டார்.

தீர்த்தகிரிக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. வேதவல்லி அவரைவிடப் பல வயது இளையவர். ஆனாலும் தீர்த்தகிரி அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார். அம்மா அவரை அண்ணே என்பார்.

தீர்த்தகிரி பஸ் டிரைவராக இருந்தவர். மனைவி பவுனாம்பாள் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, அவர் பஸ்ஸோடு வெளியூரில் இருந்தார். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு வேலையை விட்டுவிட்டு, நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார்.

தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து மேலே ஆலங்குழி வரைக்கும் பாறையும் பள்ளமுமான மண்பாதை. பஸ் போகாது. ஆம்புலன்ஸ் ஏறாது. தீர்த்தகிரியின் வண்டி ஏறும். போகும்போது அரிசி மூட்டை, வரும்போது கடுக்காயும் பலாப்பழமும். மேலே யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், மூட்டைகளை அங்கேயே இறக்கிவிட்டு ஆளை ஏற்றிக்கொண்டு வருவார். அதற்குக் கூலி வாங்கமாட்டார்.

பவுனாம்பாள் போன நாளிலிருந்து அவர் பாயில்கூடப் படுப்பதில்லை. வெறுந்தரைதான். செருப்பை விட்டுவிட்டார். சோற்றில் உப்பை விட்டுவிட்டார். குடிலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர்மேல் தனி மரியாதை.

அன்று அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தீர்த்தகிரி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வண்டிப் பட்டையெல்லாம் படுத்துடுச்சும்மா. சின்னக் கல்லு ஏறினாலே தூக்கிப் போடுது. மெக்கானிக் ஜாபர் ரெண்டு வழி சொல்றார்."

"என்ன வழி?"

"தடிப் பட்டையாப் போட்டு வண்டியை உசத்தலாம். எவ்வளவு மூட்டை வேணாத் தாங்கும். ஆனா ஆளுங்களுக்குக் குலுக்கல் குறையாது. இல்லேன்னா மெத்துனு வளையுற பட்டை, புது ஷாக் அப்சர்பர். பாரம் குறைச்சுத்தான் ஏத்தணும். ஆனா அதிகமாத் தூக்கிப் போடாது."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"ரெண்டுமே வேண்டாம்னு நினைக்கிறேன்."

"ஏன்?"

"சொகுசு தேடுற மாதிரி இருக்கும்மா. இன்னைக்குப் பட்டை. நாளைக்கு சீட்டு. அப்புறம் பாட்டு கேக்கத் தோணும். வர்றதைத் தாங்கிக்கிட்டுப் போறதுதானே நல்லது?"

அம்மா ஒரு காம்பை உருவினார்.

"பின்னாடி வர்றவங்க என்ன சொல்றாங்க?"

"இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட ஒரு குறை சொன்னதில்லை. மலைக்காரங்களுக்கு உடம்பு இரும்பும்மா. அவங்களே தாங்கும்போது எனக்கு என்ன?"

அம்மா கீரையை முறத்தில் பரப்பினார்.

"நாளைக்கு மேல போறீங்களா?"

"போறேன்."

"நானும் வர்றேன்."

மறுநாள் காலையில் தீர்த்தகிரி வண்டியைக் கழுவினார். முன் சீட்டில் ஒரு போர்வையை மடித்துப் போட்டார். அம்மா வந்து அதன்மேல் உட்கார்ந்தார். மண்பாதை தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அம்மாவின் தலை கூரையில் இடித்தது. அம்மா சிரித்துவிட்டார். தீர்த்தகிரிக்கும் சிரிப்பு வந்தது.

"பழகிடும்மா."

"உங்களுக்குப் பழகிடுச்சா?"

"எப்பவோ."

 அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆலங்குழியில் வழக்கமாக வண்டிச் சத்தம் கேட்டதும் ஆட்கள் ஓடி வருவார்கள். அன்று யாரும் வரவில்லை. ஊரின் கடைசி வீட்டு முன்னால் கூட்டமாக இருந்தது. சடையன் என்ற பெரியவர் முதல் நாள் சாயங்காலம் பலா மரத்திலிருந்து விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்திருந்தது. காலின் இரண்டு பக்கமும் மூங்கில் பிளாச்சு வைத்து வேட்டியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அவருடைய மகள் செல்லக்கிளி அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தூங்காத கண்கள்.

"டோலி கட்டித் தூக்கிட்டுப் போகலாம்னு இருந்தோம். நல்லவேளை, நீங்க வந்தீங்க டிரைவரே," என்றாள்.

மூட்டைகளை இறக்கினார்கள். வண்டியின் பின்பக்கத்தில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சாக்கு விரித்து, சடையனைப் படுக்க வைத்தார்கள். செல்லக்கிளி ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவும் பின்னால் ஏறினார்.

"அம்மா, நீங்க முன்னாடி வாங்க," என்றார் தீர்த்தகிரி.

"கால் ஆடாம ஒருத்தர் பிடிக்கணும் அண்ணே. நீங்க எடுங்க."

தீர்த்தகிரி வண்டியை எடுத்தார். அவர் முரட்டுத்தனமாக ஓட்டுகிறவரில்லை. பாதையில் எந்த வளைவில் எந்தப் பாறை என்று அவருக்குத் தெரியும். ஆளைச் சீக்கிரம் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவருக்குச் செய்யக்கூடிய உதவி என்று நினைத்தார். எப்போதும் போகிற வேகத்தில் இறங்கினார்.

ஓடையைத் தாண்டியதும் பின்னாலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. நிறுத்தி இறங்கி ஓடினார்.

"என்னம்மா?"

"என் கை மரத்துப்போச்சு. இனிமே காலை ஒழுங்காப் பிடிக்க முடியாது. நீங்க வந்து பிடிங்க. நான் ஓட்டுறேன்."

"நீங்களா?"

"குடிலுக்கு வர்றதுக்கு முன்னாடி பால் வண்டி ஓட்டினேன்."

தீர்த்தகிரிக்கு இது தெரியாது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் விரல்களைப் பார்த்தார். அவை மடங்கியபடியே விறைத்திருந்தன. பின்னால் ஏறி, சடையனின் காலைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா கியர் போட்டபோது கரகரவென்று சத்தம் வந்தது. தீர்த்தகிரிக்குப் பல் கூசியது. வண்டி ஒரு குதி குதித்து நகர்ந்தது.

முதல் கல்லில் அவர் முதுகு பலகையில் மோதியது. அடுத்த கல்லில் உடம்பே எழும்பி விழுந்தது. கைக்குள் இருந்த கால் அசைந்தது. சடையனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல்கூட இல்லை. மூச்சு எங்கேயோ சிக்கிக்கொண்ட சத்தம். அவர் வாயில் துண்டைச் சுருட்டிக் கடித்திருந்ததைத் தீர்த்தகிரி அப்போதுதான் பார்த்தார்.

முன்னால், பாதையின் நடுவே கிடக்கும் வழுக்குப் பாறை வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"அம்மா! வலது பக்கம் ஒடிங்க! சுத்திப் போங்க!"

என்ஜின் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கவில்லை. முன் சக்கரம் ஏறியது. வண்டி முழுக்க அதிர்ந்தது. பின் சக்கரம் ஏறி, தொப்பென்று விழுந்தது. சடையனின் கண்கள் மேலே செருகின. செல்லக்கிளி, "அப்பா, அப்பா," என்று அவர் கன்னத்தைத் தட்டினாள்.

தீர்த்தகிரியும் அந்தப் பாறைமேல் ஏறித்தான் இறங்குவார். சுற்றிப் போக வழி உண்டு. ஒரு தடவை பின்னுக்கு எடுத்துத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அது ஒரு சின்ன இடியாகத்தான் தெரியும்.

சடையன் கண்ணைத் திறந்தார்.

"ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று தீர்த்தகிரி கேட்டார்.

சடையன் துண்டை எடுத்தார். "இல்ல டிரைவரே. ஒண்ணுமில்ல." மறுபடியும் துண்டைக் கடித்துக்கொண்டார்.

செல்லக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சட்டென்று சொன்னாள்.

"போன மழைக்காலத்துல எங்க அண்ணியைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களே."

"ஆமா. நல்லபடியாப் பிறந்துச்சே."

"பிறந்துச்சு. கீழ போய் இறங்கினப்ப அண்ணிக்கு உதடெல்லாம் ரத்தம். வழி பூராக் கடிச்சுக்கிட்டே வந்தாங்க. நீங்க எப்படி இருக்கேன்னு கேட்டீங்க. ஒண்ணுமில்லேன்னாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

சடையன் மகளைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினார். அவள் அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"சொன்னா நீங்க மனசு கஷ்டப்பட்டு வண்டியை நிறுத்திடுவீங்களோன்னு பயம். உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா? டிரைவர் கேட்டா ஒண்ணுமில்லேன்னு சொல்லணும்னு ஊர்ல எல்லாரும் பேசி வச்சிருக்கோம்."

 தீர்த்தகிரி தன் சட்டையைக் கழற்றி மடித்துச் சடையனின் முழங்காலுக்குக் கீழே கொடுத்தார். அதுவும் போதவில்லை. பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து, முறிந்த காலை மெல்லத் தூக்கித் தன் தொடைகளின்மேல் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கல்லுக்கும் பலகை கீழிருந்து அவரை அடித்தது. அவர் இரண்டு கைகளாலும் அந்தக் காலை அணைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. செல்லக்கிளி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

தார் ரோடு வந்ததும் ஆட்டம் நின்றது.

"வந்துட்டோமா?" என்று சடையன் கேட்டார்.

"வந்துட்டோம்ணே."

"நல்லாத்தான் ஓட்டினீங்க டிரைவரே," என்றார் சடையன், ஓட்டாத தீர்த்தகிரியைப் பார்த்து.

போன் போட்டதும் ஆம்புலன்ஸ் வந்தது. சடையனையும் செல்லக்கிளியையும் ஏற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் தொடைக்குள் கம்பி வைத்தார்கள். பொங்கலுக்குள் அவர் கோலூன்றி நடந்து ஊர் திரும்பினார். அதெல்லாம் பிறகு.

அன்று ஆம்புலன்ஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு தீர்த்தகிரி நின்றார். அம்மா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். அம்மா சாவியை நீட்டினார்.

"கிளட்ச் ரொம்ப இறுக்கமா இருக்கு அண்ணே. பக்கத்துல டீ கிடைக்குமா?"

மறுநாள் அவர் ஜாபரின் பட்டறைக்குப் போனார்.

"முடிவு பண்ணிட்டீங்களா? மூட்டைக்கா, ஆளுக்கா?" என்று ஜாபர் கேட்டார்.

"ஆளுக்கு," என்றார் தீர்த்தகிரி.

கடுக்காய் வியாபாரியிடம் இனி வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வண்டி பட்டறையில் நின்ற நாட்களில், மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு நடந்தே மலையேறி, அந்த வழுக்குப் பாறையைச் சுற்றிப் போகிற வழியை அகலப்படுத்தினார். ஆலங்குழிக்காரர்கள் பார்த்துவிட்டு, தாங்களும் வந்து அவரோடு சேர்ந்து வெட்டினார்கள்.

பிறகு ஒரு சாயங்காலம் குடிலுக்கு வந்தார். முகத்தில் தெளிவு இருந்தது.

"பின்னாடி மெத்துனு வளையுற பட்டை போட்டாச்சும்மா. ஷாக் அப்சர்பர் புதுசு. வண்டியைப் பட்டறையை விட்டு எடுக்கிறதுக்கு முன்னாடி, ஜாபரை ஓட்டச் சொல்லி நானே பின்னாடி படுத்துப் பாக்கப்போறேன்."

"நல்லது. முன்னாடி?"

"முன்னாடி பழசே இருக்கட்டும்."

"ஜாபர் என்ன சொன்னார்?"

"அதையும் சேர்த்து மாத்திடுங்கன்னார். நான் வேண்டாம்னுட்டேன். அங்க நான் மட்டும்தானே. நான் தாங்கிக்குவேன்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்த்தகிரி தரையைப் பார்த்தார். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"அவ கடைசியா என்னைத்தான் தேடினாளாம். நர்ஸ் சொன்னாங்க. நான் எங்கேயோ பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தேன். எனக்கு எதுக்கும்மா மெத்துனு?"

 அவர் மூச்சு அடங்கும்வரை அம்மா காத்திருந்தார்.

"அன்னைக்கு நான் ஓட்டினப்ப அந்தப் பாறைமேல ஏத்திட்டேனே. முன் சக்கரம் இடிச்சது பின்னாடி உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"சடையன் அண்ணனுக்கு?"

"அவருக்கும்தான். முன்னாடி இடிச்சதுமே துண்டை இறுக்கிக் கடிச்சார்."

"வண்டி ஒண்ணுதானே, அண்ணே."