வைத்திலிங்கம் போட்ட மசாலா டீ

ஒரு ஊர்ல ஒரு வாய் இருந்துச்சாம். அந்த வாய்க்குப் பின்னாடி வைத்திலிங்கம்னு ஒரு ஆளும் இருந்தாராம். அவருக்கு அடுப்பு பத்த வைக்கத் தெரியாது. ஆனா டீயைப் பத்தி மூணு ஜில்லாவுக்குத் தீர்ப்பு சொல்லுவாரு. வீட்டம்மா செண்பகவடிவு மசாலா டீ போட்டுக் கொண்டாந்தா, சர்ர்ருனு ஒரு உறிஞ்சு. "ம்ஹூம். இஞ்சி தூக்கல்." மறுநாள், "ஏலக்காய் எங்கே, லீவா?"

கேக்குறியா? ம் கொட்டு.

அப்புறம் ஒரு சாயங்காலம் அந்தம்மா இடுக்கியை ணங்குனு கீழே வெச்சுட்டாங்க. "நான் 'நல்லா இருக்கு'னு சொல்ற மாதிரி ஒரே ஒரு டீ போடுங்க. அதுவரைக்கும் இந்த வீட்டுல உங்களுக்கு டீ கிடையாது."

டீ இல்லேன்னா அவருக்குத் தலை விண்ணு விண்ணுனு தெறிக்கும். கடைக்குப் போகலாம்னா, அந்த வாய் எல்லாக் கடையையும் ஏற்கெனவே திட்டி முடிச்சிருந்துச்சு. "இதெல்லாம் ஒரு வேலையா?"னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உள்ளே போனாரு.

பச்சைப் பாலை அடுப்புல வெச்சாரு. வெச்ச வேகத்துல இஞ்சியை நசுக்கித் தொபுக்குனு போட்டாரு. பால் சும்மா இருக்குமா? திட்டுத் திட்டாத் திரிஞ்சு நின்னுச்சு. அந்தம்மா எட்டிப் பார்த்தாங்க. "டீ கேட்டேன், பன்னீரே குடுக்குறீங்க. பெரிய மனசு."

அப்புறம் ரெண்டாவது டீ. மசாலான்னா மசாலாதானேனு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து சீரகம், சோம்பு, மிளகு, பட்டை, அழகுக்கு ரெண்டு கறிவேப்பிலை. வாசம் கமகமனு தெருவுக்கே போச்சு. பக்கத்து வீட்டுலேருந்து குரல்: "அக்கா, இன்னிக்குக் கறியா?"

"ஆமாம்மா, கறி மட்டும்தான் போடல."

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போதான் அந்த வாய் கொஞ்சம் சுருங்குச்சு. "செண்பகம்... முதல்ல தண்ணியா, பாலா?"

"தண்ணி."

தண்ணியில இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, தூளைப் போட்டு, தளதளனு கொதிச்சப்புறம் காய்ச்சின பாலை ஊத்தினாரு. சர்க்கரை போட்டு வடிகட்டி நீட்டிட்டு, கதவோரமா நின்னாரு. கையில இருக்கிற வடிகட்டி அவர் கால்லயே சொட்டுது, அதுகூடத் தெரியல. கண்ணு பூரா அந்தம்மா முகத்துல. ஒரு டம்ளர் டீ குடிக்க இவ்வளவு நேரமா ஆகும்னு இருந்துச்சு அவருக்கு.

அந்தம்மா கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாங்க. டம்ளரைக் கீழே வெச்சாங்க. "சர்க்கரை ஒரு பொடி கம்மி."

"அடியே, முழுசாக் குடிச்சியே!"

"நீங்க என்னைக்கு மிச்சம் வெச்சீங்க?"

அந்த வாய்லேருந்து ஒரு முனகல். "உன் டீ... நல்லாத்தான் இருந்துச்சு."

"என்னது? காதுல விழல."

"நல்லா இருந்துச்சு!" அது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"அப்படியா. சரி, போய் இன்னொருவாட்டி தண்ணி வைங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து."

வெச்சாரு. இன்னிக்கும் வெக்கிறாராம்.

டீயும் ஆறிடுச்சு, கதையும் தீர்ந்துடுச்சு. கண்ணை மூடு.